இடது கைக்கு ஒரு ஜன்னல்

"கம்ப்யூட்டர்ல நீ என்னதான் பண்றே?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான். "நாம செய்யறதைக் கேட்டுண்டே இருக்கற ஜன்னல்களைச் செய்யறேன்." அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கல்யாண வீடுகளில் இந்தப் பதில் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

ஆனாலும் நான் பொய் சொல்லவில்லை. என் வேலை அதுதான். திரையில் ஒரு வரைபடம் இருக்கிறது. பார்ப்பவருக்கு அது வெறும் கோடு. அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சின்ன நிரல் உட்கார்ந்துகொண்டு, மவுஸ் நகர்ந்ததா, எந்தப் பொத்தான் அழுந்தியது, விரலை எங்கே எடுத்தார்கள், கீபோர்டில் எந்த எழுத்தைத் தட்டினார்கள் என்று எல்லாவற்றுக்கும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு தட்டு விழுந்ததும் அது என்னிடம் சேதி சொல்லும்: இந்த எழுத்து, வரைபடத்தின் இந்த இடத்தில். கோட்டுக்கு வெளியே வெற்றிடத்தில் தட்டினால், "தட்டினார்கள், ஆனால் இடம் என்று சொல்ல ஒன்றுமில்லை" என்றும் நேர்மையாகச் சொல்லிவிடும். இத்தனை வருஷமாகியும் இது எனக்கு அலுக்கவில்லை. என் வீட்டில் யாரும் இவ்வளவு பொறுமையாக நான் சொல்வதைக் கேட்டதில்லை.

எங்கள் ஆபீஸ் தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே யாராவது அடுக்கு டிபன்காரியரைத் தவறவிட்டால் மேலே எங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். நான் மேற்கு மாம்பலத்திலிருந்து ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி வந்து சேர்வேன். நெஞ்சில் ஒரு சின்னக் கருவியை ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க நடமாடும் நோயாளிகளின் இ.சி.ஜி. பதிவுகள் துண்டு துண்டாக எங்களிடம் வரும். அதை ஒவ்வொரு துடிப்பாகப் பார்த்து, இது சரி, இது முந்திக்கொண்டது, இது வேறு மாதிரி என்று குறித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டும். குறிக்கும் ஜன்னலைச் செய்வது நான். குறிப்பது அவள்.

அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். இயற்பியல் படித்தவள். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்து, கரையிலிருந்த வீடுகளையெல்லாம் காலி செய்தபோது குடும்பத்தோடு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவள். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் மவுஸைப் பிடிப்பாள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு நீளப் பதிவின் பாதியில் இருப்பாள். இடையில் பேசுவாள், சிரிப்பாள், என் புடவையைக் கிண்டல் செய்வாள். கை மட்டும் ஒரு துடிப்பையும் விடாது. அவள் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே நான் சில நாள் காரணமில்லாமல் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "இன்னாக்கா, வேல இல்லியா ஒனக்கு?" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பனகல் பார்க் பக்கத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஈரப்படியில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்துபோனது. மறுநாள் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டோடு ஆபீசுக்கு வந்து நின்றாள். லீவு எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, "வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது?" என்றாள்.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. கோபாலபுரத்துக்காரர், குரலை உயர்த்தாதவர், எல்லோருக்கும் பிறந்தநாள் கேக் வாங்கித் தருபவர். அதனால்தான் அவர் மேல் கோபப்படுவது கஷ்டமாக இருக்கும். எனக்கு அந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைவு. அவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரெஸ்ட் வேணும்மா. ரிசப்ஷன்ல உக்காந்து போன் மட்டும் பாத்துக்கோங்க. கை சரியானதும் பார்ப்போம்" என்றார்.

"பார்ப்போம்" என்ற சொல்லின் லட்சணம் எனக்கு நன்றாகத் தெரியும். என் பிள்ளை நாய்க்குட்டி கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன். பிள்ளை இப்போது காலேஜ் போகிறான், நாய்க்குட்டி இன்னும் வரவில்லை.

அதோடு அந்த மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வேலை எங்களுக்கு வருவதாக இருந்தது. அதற்குத் தலைமையாக அவளைத்தான் போடுவதாகப் பேச்சு. இப்போது அந்த இடத்துக்கு வேறு ஆள் தேடுகிறார்கள் என்று மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாடிப்படியில் அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"ஆத்தங்கரைலேர்ந்து எங்கள எட்த்துக்கினு போய் ஊருக்கு வெளிய போட்டாங்கக்கா. அப்பயும் இப்டித்தான், கொஞ்ச நாளிக்கித்தான், அப்பால பாக்கலாம்னாங்க. யாரு பாத்தாங்க? இந்த சீட்ட வுட்டு நான் எய்ந்தேன்னா திரும்பி ஒக்கார முடியாது. எனக்குத் தெரியும்."

அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவள் அழாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேராக முதலாளியின் அறைக்குப் போய், கதவைத் தட்டாமலேயே உள்ளே நுழைந்து, "ஒரு கையாலேயே முழுசா குறிக்கற மாதிரி ஜன்னலை நான் மாத்தித் தர்றேன் சார். அவ சீட்டை மாத்தாதீங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் வரப்போறாங்க. அவங்க முன்னால ஒரு முழு ரெக்கார்டை, நடுவுல நிறுத்தாம, இவங்க குறிச்சுக் காட்டட்டும். டாக்டர் ஏற்கனவே குறிச்சு வெச்சதோட ஒத்துப்போச்சுன்னா இந்த சீட் இவங்களுக்குத்தான். இல்லேன்னா ரிசப்ஷன். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், இடது கையில் காபி டம்ளரைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவள் அவள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

முதலில் மவுஸை இடது பக்கம் வைத்துப் பார்த்தோம். பெரிய கூத்து. அவள் ஒரு துடிப்பின் உச்சியைக் குறி வைத்தால் அம்பு பக்கத்துத் துடிப்பில் போய் விழுந்தது. சரி, பெரிதாக்கிக் காட்டிக் குறிக்கலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம். கோட்டைப் பெரிதாக்குவதற்கு ஒரு கட்டம் இழுக்க வேண்டும். இழுப்பதற்காக அவள் அழுத்திய அழுத்தலை ஜன்னல் குறியாகவும் எடுத்துக்கொண்டது. பெரிதாக்கும் கருவி ஒரு பக்கம் கேட்கிறது, என் நிரல் இன்னொரு பக்கம் கேட்கிறது, இரண்டும் ஒரே சேதியை எடுத்துக்கொண்டு ஓடுகின்றன. பெரிதாக்கும் கருவி விழித்திருக்கும்போது நீ வாயை மூடிக்கொண்டிரு என்று என் நிரலுக்கு ஒரு வரி சேர்த்தேன். அதன் பிறகும் அவள் கை ஒத்துழைக்கவில்லை. தோள்பட்டை வலிக்கிறது என்றாள். மவுஸை எடுத்து டிராயரில் போட்டு மூடினேன்.

"கீபோர்டு மட்டும் போதும்க்கா" என்றாள். "நாலு வெரல் கீது, கட்ட வெரல் ஒண்ணு. வேற இன்னா வேணும்?"

இடது கை நான்கு விரல்களும் இயல்பாகப் படியும் இடம் ஏ, எஸ், டி, எஃப். நான் உடனே வரிசையாகப் பங்கு போட்டேன்: ஏ என்றால் சரியான துடிப்பு, எஸ் என்றால் முந்திக்கொண்டது, இப்படி. எழுதிக் காட்டினேன், எனக்கே பெருமையாக இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுச் சுண்டுவிரலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"பத்துல ஒம்போது துடிப்பு சரியாத்தான் இருக்கும். அத்தனையும் இந்தச் சுண்டுவெரலால தட்டுனா சாயங்காலம் இது கயண்டு வியுந்துடும். ஏ இருக்கட்டும் குப்பைக்கு. சரியானதுக்கு எஃப் வெய்யி. ஆள்காட்டி வெரல்தான் ஒயைக்கிற வெரலு. அதோட எஃப் மேல சின்னதா ஒரு மேடு கீது பாரு, கண்ணு பாக்காமலே கை அங்க போயிடும்."

இருபது வருஷமாகக் கீபோர்டைத் தட்டுகிறேன். அந்த மேட்டை விரலால் தொட்டிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றே மாற்றிவிட்டேன். எஃப் சரி. டி முந்திக்கொண்டது. எஸ் அகலமாக விரிந்து விகாரமானது. ஏ, கருவி அசைந்ததால் வந்த குப்பை. சந்தேகமானால் கட்டை விரலால் ஸ்பேஸ். எல்லாம் முடிந்ததும் கையை நீட்டி என்டர்.

மறுநாள் உற்சாகமாக உட்கார்ந்து முதல் எஃப்பைத் தட்டினாள். ஜன்னல் உப்பித் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. இன்னொரு எஃப் தட்டினாள், சுருங்கியது. அடுத்து எஸ் தட்டினாள். படத்தை எங்கே சேமிக்கட்டும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அவள் விடாமல் தட்ட, ஜன்னல் மூச்சு வாங்குவதுபோல உப்பிச் சுருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கு முகம் தொங்கிப்போனது. இந்த வரைபட ஜன்னல்கள் பிறக்கும்போதே சில எழுத்துகளைத் தங்களுக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும். எஃப் தட்டினால் முழுத்திரை, எஸ் தட்டினால் சேமிப்பு, க்யூ தட்டினால் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடும். எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று தோன்றவில்லை. அந்த எழுத்துகளையெல்லாம் ஜன்னலிடமிருந்து பிடுங்கினேன்.

அதற்கடுத்து ஜன்னல் ஒரேயடியாகச் செவிடானது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. காரணம் இதுதான்: சேதி கேட்கும் பகுதியை நாம் ஒரு பெயர் சொல்லிப் பிடித்து வைத்திருக்க வேண்டும். யாரும் பிடிக்கவில்லை என்று தெரிந்தால், வேண்டாத பொருள் என்று கம்ப்யூட்டர் அதைப் பெருக்கித் தள்ளிவிடும். இதை அவளிடம் சொன்னபோது, "நம்ம ஆபீஸ் மாதிரியே கீது" என்றாள். பெயர் சொல்லிப் பிடித்து வைத்தேன்.

கடைசி மாற்றமும் அவள் சொன்னதுதான். ஒரு துடிப்பைக் குறித்ததும் அடுத்ததற்கு நகர்த்த அம்புக்குறி விசையைத் தட்ட வேண்டியிருந்தது. அது வலது பக்க மூலையில் இருக்கிறது. "நான் எதுக்கு நவுத்தணும்? அதுவா போய்க்கினு இருக்கட்டும். ஒண்ணு வந்தா ஒரு தட்டு, அடுத்தது வந்தா அடுத்த தட்டு" என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு துடிப்பை விட்டால் வண்டி நிற்காது, யோசிக்க நேரம் இருக்காது என்றேன். "யோசிக்கணும்னா ஸ்பேஸ் தட்டிட்டுப் போறேன். அப்பால வந்து பாத்துக்கறேன்" என்றாள். அவள் சொன்ன வேகத்தில் துடிப்புகள் ஒவ்வொன்றாகத் தானே வந்து நின்று நகரும்படி செய்தேன்.

அன்று மத்தியானம் அவள் அதில் உட்கார்ந்ததை நான் மறக்க மாட்டேன். மாவுக்கட்டை மடியில் கிடத்திக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, திரையையே பார்த்துக்கொண்டு தட்டினாள். எஃப் எஃப் எஃப் டி எஃப் எஃப். கொஞ்ச நேரத்தில் அவள் கால் கட்டைவிரல் தாளம் போட ஆரம்பித்தது. கீழே பாத்திரக் கடையில் ஏதோ சரிந்து விழுந்தது. நான் துள்ளினேன், அவள் விரல் தடுமாறவில்லை. இடது கைக்கு வந்து சில நாட்களே ஆன வேலை அது. நான் எழுதிய ஜன்னல் அவ்வளவு அழகானது என்று அவள் தட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது. சொன்னால் கிண்டல் செய்வாள் என்று வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா வந்த நாளில் முதலாளி புதுச் சட்டையில் இருந்தார். மீட்டிங் அறையில் பெரிய டி.வி.யில் வரைபடம் தெரிவதற்கு ஏற்பாடு. அவள் லேப்டாப்போடு முன்னால் உட்கார்ந்தாள். நானும் டாக்டரம்மாவும் பின்வரிசையில். குறிகளை இப்போது திரையில் காட்ட வேண்டாம், பார்ப்பவர்கள் நடுவில் ஏதாவது சொல்லி அவளைக் குழப்பிவிடக்கூடாது, முடிந்ததும் மொத்தமாகப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். நியாயமான பேச்சு. குறிகளை மறைத்து வைத்தேன்.

நான் முன்னால் போய் ஓட்டத்தை ஆரம்பித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தயாராவதற்காக முதலில் திரையில் எண்கள் இறங்குமுகமாக ஓடும். அந்த நேரம் பார்த்து டி.வி.யின் ஒரு மூலையில் ஆபீஸ் சாட் பெட்டி திறந்திருப்பது முதலாளி கண்ணில் பட்டது. பஸ் லேட் என்று அவள் காலையில் அவருக்கு அனுப்பியிருந்த செய்தி அது. டாக்டர் முன்னால் இது எதற்கு என்று அவர் எட்டி, லேப்டாப் பக்கத்திலிருந்த மவுஸால் அந்தப் பெட்டியைப் பிடித்து, டி.வி.யில் தெரியாதபடி லேப்டாப் திரைக்கு இழுத்து விட்டுவிட்டு, திருப்தியாக வந்து உட்கார்ந்தார்.

ஓட்டம் தொடங்கியது. அவள் தட்டினாள். அறையில் அந்தச் சத்தம் மட்டும்தான். ஒரு கட்டத்தில் அவள் தோள் லேசாக இறுகியதைப் பார்த்தேன். வலிக்கிறதோ என்று நினைத்தேன். விரல் நிற்கவில்லை. கடைசித் துடிப்பு வந்து போனதும் கையை நீட்டி என்டரைத் தட்டினாள். முதலாளியின் சட்டைப் பையில் போன் டிங்கென்றது. அவர் அசட்டுச் சிரிப்போடு அதை அமுக்கினார்.

"இப்ப குறிகளைக் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

காட்டினேன். ஒரு குறிகூட இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மொட்டைக் கோடு.

ஜன்னல் மறுபடியும் செவிடாகிவிட்டது, அவள் சீட்டை நானே பிடுங்கிக் கொடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி மெதுவாக, மரியாதையாக, "பரவாயில்லைம்மா, ஒரு கையால இதெல்லாம் கஷ்டம்தான்" என்று ஆரம்பித்தார்.

"சார், போனைப் பாருங்க" என்றாள் அவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் போனை எடுத்தார். நெற்றி சுருங்கியது. "என்னம்மா இது? எஃப் எஃப் எஃப்னு பக்கம் பக்கமா? கீபோர்டு மேல பூனை நடந்துதா?"

நான் அந்தப் போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான சொல். எஃப் எஃப் எஃப் டி எஃப், இடைவெளி, எஃப் எஃப் எஸ். பார்த்ததும் புரிந்துவிட்டது. எத்தனை ஜன்னல் திறந்திருந்தாலும் தட்டுகிற எழுத்து ஒன்றுக்குத்தான் போகும்: கடைசியாக யார் மேல் மவுஸ் அழுந்தியதோ அதற்கு. முதலாளி இழுத்து விட்டது சாட் பெட்டியை. அத்தனை எழுத்தும் அதற்குள் போய், கடைசி என்டரில் அவருக்கே செய்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த எழுத்துச் சரத்தை லேப்டாப்பில் எடுத்து, முதல் எழுத்தை முதல் துடிப்பின் மேல், இரண்டாவதை இரண்டாவதின் மேல் என்று உட்கார வைக்க ஒரு சின்ன நிரலை அங்கேயே நின்றபடி எழுதினேன். நடுவில் ஒரே ஒரு துடிப்பை அவள் விட்டிருந்தாலும், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ஓரிடம் தள்ளிப்போய் எல்லாம் நாசம். ஓட்டினேன். கடைசி எழுத்து கடைசித் துடிப்பின் மேல் போய் உட்கார்ந்தது. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

டாக்டரம்மா எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்றார். தான் குறித்து வைத்திருந்ததைக் கீழ்வரிசையில் போடச் சொன்னார். இரண்டு வரிசையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடின. அகலமாக விரிந்தவை எல்லாம் ஒத்துப்போயின. முந்திக்கொண்டவற்றில் ஓரிரண்டு மாறியிருந்தன; "இது நானும் என் கூட வேலை பாக்கறவங்களுமே சண்டை போடற இடம்" என்றார். சந்தேகத்துக்கு ஸ்பேஸ் தட்டிய இடங்களை மட்டும் நின்று நிதானமாகப் பார்த்தார். "சந்தேகப்பட வேண்டிய இடத்துலதான் சந்தேகப்பட்டிருக்கீங்க. எங்களுக்கு இவங்களே போதும்" என்று முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அந்தச் சாட் பெட்டியைப் பார்த்தார். தன் கைவேலை அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "அந்தப் பெட்டியை இழுத்துவிட்டது நான்தான் இல்ல?" என்றார். "சீட் உங்களுதுதாம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மாவுக்குக் காபி கொண்டுவர அவரே எழுந்து போனார். அன்று அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

சாயங்காலம் அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது; மாவுக்கட்டு நனையாமலிருக்க அதன் மேல் துணிக்கடைப் பிளாஸ்டிக் பையைச் சுற்றியிருந்தாள். நான் வழி முழுக்க அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம் என்று புலம்பிக்கொண்டு வந்தேன். நல்ல வேளை எழுத்தெல்லாம் சாட்டில் விழுந்தது, நல்ல வேளை நீ என்டர் தட்டினாய், நல்ல வேளை ஒன்றும் விட்டுப்போகவில்லை.

அவள் நின்றாள். "அதிஷ்டம் இன்னாக்கா அதிஷ்டம்? எனக்குப் பாதியிலயே தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"கண்ணு ஓரத்துல லேப்டாப்புல எய்த்து ஓடிக்கினு இருந்துது. அய்யய்யோ, தப்பான எடத்துல போவுதுன்னு புரிஞ்சுது. ஆனா கைய எட்த்து மவுஸப் புடிச்சு அந்த ஜன்னலத் தட்டறதுக்குள்ள நாலஞ்சு துடிப்பு ஓடிடும். பாதி அங்க, பாதி இங்கன்னு ஆயிடும். நிறுத்துனா, கையால முடியலன்னு சொல்லிடுவாங்க. அதான் எங்க போனா இன்னான்னு தட்டினேன். ஒண்ணே ஒண்ணு வுடாம இருந்தா போதும். வரிச சரியா இருந்தா நீ எட்த்துடுவன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே!"

"நீதான் கேட்டுக்கினே இருப்பியே" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு கை உடைந்து, சீட்டுப் போகிற பயத்தில், தட்டுவதெல்லாம் தப்பான இடத்தில் விழுகிறது என்று தெரிந்தும் ஒன்றைக்கூட விடாமல் தட்டிக்கொண்டு போக என்னால் முடியாது. எனக்குத் தெரிந்த யாராலும் முடியாது. அதை அவளிடம் அப்படியே சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பிளாஸ்டிக் பையின் முடிச்சைச் சரிசெய்தாள். அப்போதுதான், இத்தனை நாளில் முதல் முறையாக, அவள் அழுதாள்.

பஸ் வந்தது. கூட்டம். இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். "வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடு" என்று நான் கத்தியது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

நான் வீட்டுக்கு வந்து, குக்கரை வைத்து, பிள்ளையோடு இரண்டு வார்த்தை சண்டை போட்டு முடித்தபோது போன் டிங்கென்றது. ஒரே ஓர் எழுத்து வந்திருந்தது. எஃப்.